செய்தி சொல்ல வந்தவள்

நாலைந்து வருடம் இருக்கும். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. சாரல் காலம் என்பதால் மண்டபத்துக்கு வெளியே போட்டிருந்த பந்தல் துணி காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டுக்கொண்டிருந்தோம். என் முறை வந்து, பிள்ளையின் கையைப் பிடித்த நேரத்தில் செல்போன் அடித்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார்களா என்ற எரிச்சலோடுதான் எடுத்தேன்.

பேசியது அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். "மேடம், சாருக்குக் கொஞ்சம் முடியல. இங்கன கொண்டு வந்திருக்காங்க. நீங்க கிளம்பி வாங்க. பைய வாங்க மேடம்" என்றார். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

சார் என்றால் என் கணவர். பொதுப்பணித்துறையில் பொறியாளர். ஆற்றுக் கால்வாய்களும் மடைகளும்தான் அவருக்கு உலகம். காலையில் அவரையும் கூப்பிட்டேன். "வளைகாப்புல எனக்கு என்ன சோலி? நான் வந்து யாருக்கு வளையல் போடப் போறேன்? நீ போயிட்டு வா, நான் காய் வாங்கிப் போடுதேன்" என்று கிண்டலாகச் சொல்லி வழியனுப்பினார். அப்போது அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். உடனே வாங்க என்று கூப்பிட்டால் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பைய வாங்க என்று கூப்பிட்டால் அவசரப்பட்டு வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பிள்ளையின் கையில் அந்த வளையலைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் யார் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். இறுதியாண்டு மாணவர்களை ஹவுஸ் சர்ஜன் வேலைக்குத் தயார்செய்வதற்கென்று சில வகுப்புகள் உண்டு. ஊசி போட, தையல் போட, தொண்டைக்குள் குழாய் செருகப் பழகுவதற்கெல்லாம் ரப்பர் பொம்மைகள் இருக்கின்றன. ஒருவர் இறந்துவிட்டார் என்பதை அவர் வீட்டாரிடம் சொல்லிப் பழகுவதற்கு மட்டும் பொம்மை கிடையாது. அந்தப் பொம்மையாகப் பல வருடம் நான் இருந்தேன்.

அந்த வகுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் எளிது. ஆஸ்பத்திரிகளில் சாவுச் செய்தி மேலேயிருந்து கீழே இறங்கும். பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்ப்பார். சின்ன டாக்டர் முதுகலை மாணவரைப் பார்ப்பார். அவர் ஹவுஸ் சர்ஜனைப் பார்ப்பார். ஹவுஸ் சர்ஜனுக்குப் பார்க்க ஆள் இல்லை. "லே, வெளிய நிக்காங்க. போய்ச் சொல்லிட்டு வாலே" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள். வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை, தன் அப்பா வயதுள்ள ஒருவரிடம் போய், உங்கள் மகன் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தத் தள்ளலை என்னால் நிறுத்த முடியவில்லை. தள்ளப்படுகிறவர்களையாவது தயார்செய்வோம் என்று நினைத்தேன்.

வகுப்பு இப்படித்தான் நடக்கும். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து எனக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஒருவருக்கு நான் மனைவி, அடுத்தவருக்கு அம்மா, இன்னொருவருக்குச் சண்டைக்கு நிற்கும் அக்கா. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடிப்பேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவேன். "நல்லா நடந்து வந்த மனுசன நீங்கதான கொன்னீங்க" என்று பாய்வேன். "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு சொன்னீங்களே, இப்ப இப்பிடிச் சொல்லுதீங்களே" என்று சட்டையைப் பிடிப்பேன். தடித்தடிப் பையன்களுக்கே வேர்த்துக் கொட்டும். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்த ஆள வரச் சொல்லு" என்பேன். எல்லாம் முடிந்தபின் கேன்டீனில் போய் டீயும் வடையும். அழுத பசி நல்ல பசி என்று சிரிப்போம்.

விதிகளும் உண்டு. முதலில் உன் பெயரைச் சொல். நின்றுகொண்டு பேசாதே, உட்கார். அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேள். கெட்ட செய்தி வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சற்று நிறுத்து. பிறகு இறந்துட்டாங்க என்று அந்த வார்த்தையையே சொல். சொன்னபின் எழுந்து ஓடாதே. கடைசி விதியில்தான் பெரும்பாலானவர்கள் தோற்பார்கள். வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் கால் கதவுப் பக்கம் திரும்பிவிடும்.

அந்த வருடத்து வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மேலப்பாளையத்துக்காரி. அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். நன்றாகப் படிப்பாள், வாயே திறக்க மாட்டாள். என் முன்னால் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வாள். அந்த வார்த்தை மட்டும் வராது. "எங்க வீட்டுல மௌத்தாயிட்டாங்கன்னுதான் மேடம் சொல்லுவாங்க. அதையும் சத்தமாச் சொல்ல மாட்டாங்க" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"நீ முழுங்குத வார்த்தைய அவங்க எங்கன போய்த் தேடுவாங்க? சொல்லு" என்றேன்.

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மற்றவர்களை ஒருமுறையோடு விட்டுவிட்டேன், அவளை விடவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டாள். மெதுவாக, ஆனால் தெளிவாக. சொன்னபின் அந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லை. நான் கத்தி, அழுது, திட்டி ஓய்ந்தேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வருடத்து மாணவர்களில் எல்லோரையும்விட நன்றாகச் செய்தது அவள்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பிதான் கார் ஓட்டி வந்தான். "எக்கா, அத்தானுக்கு ஒண்ணும் இருக்காது. சுகர் கொறஞ்சிருக்கும்" என்று கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் நாலு தடவை சொல்லியிருப்பான். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அதை அவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு நெருக்கமானவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். தினமும் என்னோடு காபி குடிக்கும் இருதய டாக்டர் எடுக்கவில்லை. நான் கூப்பிட்டால் குளியலறையில் இருந்தாலும் எடுக்கும் தோழி எடுக்கவில்லை. வீரவநல்லூரில் கார் பருவ நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நிறைந்து நின்றது. அவர் இருந்தால் எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று சொல்லியிருப்பார். பத்தமடைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. தம்பி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பைய போ. ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது அந்த இருதய டாக்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே இன்னும் இரண்டு மூன்று வெள்ளைக் கோட்டுகள் தெரிந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவர் முகமும் என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸ் என் தோளைப் பிடித்து, உறவினர்களை உட்கார வைக்கும் சின்ன அறைக்கு அழைத்துப் போனார். அந்த அறை வேண்டும் என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கியதே நான்தான். ஒரு நாளும் அதில் நான் உட்கார்ந்ததில்லை.

கதவு திறந்தது. வந்தது அந்த மேலப்பாளையத்துப் பெண். ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் படமாகத் தெரிந்தது. பெரியவர் சின்னவரைப் பார்த்திருப்பார். சின்னவர் இவளைப் பார்த்திருப்பார்.

"மேடம், நான் கேஷுவாலிட்டி ஹவுஸ் சர்ஜன்" என்று சொல்லித் தன் பெயரையும் சொன்னாள். எனக்குத் தெரியாத பெயரா? ஆனாலும் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டு என் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சாரப் பத்தி உங்ககிட்ட இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க மேடம்?"

"கொஞ்சம் முடியலன்னு சொன்னாங்க."

"நான் சொல்லப்போறது கஷ்டமான செய்தி மேடம்." நிறுத்தினாள். "சார் உழவர் சந்தையில மயங்கி விழுந்துட்டாங்க. அங்க உள்ளவங்க ஆட்டோவுல கொண்டு வந்தாங்க. வரும்போதே நாடி இல்ல. எல்லாரும் சேந்து ரொம்ப நேரம் முயற்சி பண்ணினோம். சார் இறந்துட்டாங்க மேடம்."

இனி நான் சொல்லப்போவதை நம்புவது உங்கள் விருப்பம். நான் தலையை ஆட்டினேன். வகுப்பில் ஒரு பிள்ளை சரியாகச் சொன்னால் ஆட்டுவேனே, அதேபோல. பெயர் சொன்னாள், உட்கார்ந்தாள், நிறுத்திச் சொன்னாள், வார்த்தையை முழுங்கவில்லை என்று மனம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. அதற்குப்பின் என் வாய் தானாகத் திறந்தது.

"நல்லா நடந்து வந்த மனுசன நீங்கதான கொன்னீங்க" என்று கத்தினேன். அதே குரல். அதே ஏற்ற இறக்கம். வலது கை நெஞ்சில் எங்கே அடிக்க வேண்டுமோ அங்கேயே அடித்தது. அவள் குனிந்துகொள்ளவில்லை. "உங்க கோவம் புரியுது மேடம்" என்றாள். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நான் அடுத்த வரிக்குப் போனேன். "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்னு சொன்னீங்களே, இப்ப இப்பிடிச் சொல்லுதீங்களே." அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் தங்கவே இல்லை. அது வேறு யாருடைய கதைக்கோ நான் எழுதிவைத்த வசனம். அவள் கோட்டைப் பிடித்து உலுக்கினேன். கதவருகே தம்பி வந்து நின்றது தெரிந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். என் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே எனக்கு எதுவுமே இல்லை. வெறும் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லாச் சொன்ன. சரி, அடுத்த ஆள வரச் சொல்லு" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், இது கிளாஸ் இல்ல" என்றாள்.

அப்போதுதான் அவர் செத்துப்போனார். எனக்கு அப்படித்தான். உலகத்துக்கு எப்போது என்பது வேறு கணக்கு. நான் அழவில்லை. இத்தனை வருடம் அழுது காட்டியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு துளி சத்தம் வரவில்லை. முதலில் நான் கேட்ட கேள்வியைச் சொன்னால் சிரிப்பீர்கள். "காய்ப் பை எங்க?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கு மேடம். நான் எடுத்து வச்சிருக்கேன். கத்தரிக்காயும் சீனியவரைக்காயும் இருக்கு" என்றாள்.

அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயத்தில் என்று முதலில் நினைத்தேன். பிறகு டாக்டர் புத்தி விழித்துக்கொண்டது. அது தோளிலிருந்து வரும் நடுக்கம். ரொம்ப நேரம் ஒரு நெஞ்சை அமுக்கிய கைகள் அப்படித்தான் நடுங்கும். "நீயா அமுக்குன?" என்று கேட்டேன். "மாத்தி மாத்திப் பண்ணினோம் மேடம். கடைசில நான்தான்" என்றாள். அவருக்காக உழைத்த கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இல்லை என்பதைக் கேட்டிருக்கிறேன்.

இடையில் யாரோ கதவைத் திறந்து, "ஏ பிள்ள, அங்கன கேஸ் நிக்கு. சொல்லியாச்சுல்ல, வா" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்ப வர முடியாது சார்" என்றாள். வாயே திறக்காத பெண். வள்ளியூரிலிருந்து என் கொழுந்தனும் அவர் மனைவியும் வந்து என் இரண்டு பக்கமும் உட்காரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர்கள் வந்தார்கள். மடிப்புக் கலையாத கோட்டுகளோடு, ஒருவர் பின் ஒருவராக. சார் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்களே மேடம் என்றார் இருதய டாக்டர். அவர் மோசமானவர் இல்லை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். ஆனால் என் முகத்தைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு ஒரு சின்னப் பெண்ணை அனுப்பினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அந்த நாற்காலியில் மறுபடி உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது நாடகக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து எங்களுக்காக நடித்துத் தருகிறார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் எழுந்து, ஹவுஸ் சர்ஜன் தனியாகப் போய்ச் செய்தி சொல்லக் கூடாது, பெரிய டாக்டர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என்மேல் இரக்கப்பட்டுத் தலையாட்டினார்கள் என்று பிறகு புரிந்தது. உண்மையில் கூடப் போகிறவர்கள் ஒருவரோ இருவரோதான்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் விடுப்பில் இருந்த நாட்களில் நடந்தது தெரியாமல் போயிற்று. திரும்பி வந்தபின் ஒரு நர்ஸ்தான் சொன்னார். அந்தப் பெண் எனக்குச் செய்தி சொன்ன விதம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருக்கிறது. மேடத்துக்கே சொன்னவ என்று பெயர் வாங்கிவிட்டாள். அதன்பின் எந்த வார்டில் யார் இறந்தாலும், "அந்தப் பிள்ளயக் கூப்பிடுங்க, அவ நல்லாச் சொல்லுவா" என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குச் சம்பந்தமே இல்லாத வார்டுகளிலிருந்துகூட. பிரசவ வார்டிலிருந்து, குழந்தைகள் வார்டிலிருந்து. அவளும் மறுக்காமல் போயிருக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொல்லி, உட்கார்ந்து, அந்த வார்த்தையைச் சொல்லி, கடைசிவரை எழுந்திருக்காமல் இருந்திருக்கிறாள். நடுவில் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு மறுபடி போயிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவர் இல்லை.

நான் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். இனிமேல் போகாதே என்றேன். "நான் போகலன்னா வேற யாராவது நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருவாங்க மேடம்" என்றாள். முன்னைவிட மெலிந்திருந்தாள். நான் பேசப் பேச அவள் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது, யாரோ கூப்பிட வரப்போகிறார்கள் என்பதுபோல.

முதுகலை நுழைவுத் தேர்வில் நல்ல இடம் வாங்கினாள். பொது மருத்துவம் கிடைத்திருக்கும், குழந்தை மருத்துவம் கிடைத்திருக்கும். அவள் எடுத்தது நுண்ணுயிரியல். கேள்விப்பட்ட சக டாக்டர்கள், இவ்வளவு நல்ல மார்க்கை வீணாக்கிவிட்டாளே என்று உச்சுக் கொட்டினார்கள். அன்று கதவைச் சாத்திக்கொண்டவரும் அவர்களில் ஒருவர்.

போன மாதம் போன் செய்தாள். வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், கூப்பிடத்தான் பேசினாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு மேடம். ரத்தமும் சளியும் சின்னப் பாட்டில்ல வருது. பாத்து எழுதி அனுப்பிருதேன். வெளிய வந்து யாருட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

என் கணவர் இறந்துவிட்டார் என்பதை எனக்கு நானே இதுவரை ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. நினைவு வரும்போதெல்லாம் அது அந்தப் பெண்ணின் குரலில்தான் வருகிறது. அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலும், எழுந்து ஓடாத அந்த மனமும் இனி எந்த வார்டிலும் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. அவளை அங்கிருந்து விரட்டியவர்களை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், அந்த வேலைக்கு அவளை அத்தனை நன்றாகத் தயார்செய்து அனுப்பிய என்னையும் அவர்களோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.